செத்துத் திரும்புகிறவளின் சாட்சி

"அக்கா செத்திருக்காங்க. சாயங்காலம் வாங்க," என்றாள் வாசலில் தறி போட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண். நூலிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கருக்கலிலேயே கோட்டையிலிருந்து கிளம்பி, குரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே மலையேறி வந்தவன் நான். நீதிபதியின் முத்திரை போட்ட சம்மன் என் அங்கி மடிப்பில் இருந்தது. அதைப் பெல்சோம் என்ற பெண்ணிடம் கொடுத்து, அவளைக் கையோடு கோர்ட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது எனக்கு உத்தரவு.

"செத்தவங்க சாயங்காலம் எப்படிம்மா வருவாங்க? கோட்டை ஆளைக் கிண்டல் பண்றியா?"

"இன்னிக்குப் பௌர்ணமி இல்லையா? பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவாங்க. உள்ள போறதுன்னா போங்க. பேரைச் சொல்லி மட்டும் கூப்பிட்டுறாதீங்க, வழி தவறிடும்."

உள்ளே போனேன். ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு வெண்ணெய் விளக்கு. பாயில் ஒரு சின்ன உருவம் மல்லாந்து கிடந்தது. நான் பிணம் பார்க்காதவன் இல்லை. ஆற்றில் மிதந்தவர்களை இழுத்துப் போட்டிருக்கிறேன். அவளுடைய காலைத் தொட்டுப் பார்த்தேன், மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு ஈ மேலுதட்டில் இறங்கி, கீழுதட்டுக்கு நடந்து, வாயோரத்தில் நின்று காலைத் தேய்த்துக்கொண்டது. அந்த உதடு அசையவே இல்லை. நான் வெளியே வந்து தறிக்காரி கொடுத்த சாராயத்தைக் கேள்வி கேட்காமல் குடித்தேன்.

வெயில் எதிர்மலைக்கு ஏறிய நேரத்தில் உள்ளே ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்டது. "தண்ணி," என்றது ஒரு குரல். எட்டிப் பார்த்தால் அந்தப் பிணம் எழுந்து உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தது.

"கோர்ட்டுலேருந்தா வரீங்க தம்பி?" என்று கேட்டாள் என் முத்திரையைப் பார்த்துவிட்டு. "நானும் கோர்ட்டுலேருந்துதான் வரேன்."

செத்துத் திரும்புகிறவர்களை எங்கள் பக்கம் தெலோக் என்போம். நல்ல நாள்களில் உடம்பை இங்கே போட்டுவிட்டு தர்மராஜாவின் சபைக்குப் போவார்கள். அங்கே செத்தவர்கள் வரிசையில் நிற்பார்களாம். ஒவ்வொருத்தருக்கும் வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் எண்ணித் தராசில் போடுவார்களாம். அதைப் பார்த்துவிட்டு, வரிசையில் நிற்கிறவர்கள் சொல்லியனுப்புவதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். எனக்கு இந்த மாதிரிப் பெண்கள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. செத்த அப்பன் சொல்லியனுப்பினான் என்று எல்லைக் கல்லை நகர்த்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பெல்சோம் சேதி சொல்கிற விதம் வேறு. சந்தைக்குப் போய் வந்தவள் அலுத்துக்கொள்வது மாதிரிதான் சொல்வாள்.

"உங்கப்பாவுக்கு அங்கயும் காது கேக்கலைய்யா. நான் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பசுவைத் திருப்பிக் குடுத்துடணுமாம்," என்பாள். கூலி ஒரு முட்டை. அதையும் கேட்டு வாங்க மாட்டாள்.

முதல் தடவை அவள் செத்தது பிரசவக் காய்ச்சலில். விறகு அடுக்கியாகிவிட்டது. லாமா மந்திரத்தைத் தொடங்குகிற நேரத்தில் பெண் எழுந்து உட்கார்ந்து, "புள்ள எங்க?" என்று கேட்டிருக்கிறாள். பாதி ஊர் ஆற்றுப் பக்கம் ஓடிவிட்டது. ஏன் திரும்பினாய் என்று பிற்பாடு கேட்டவர்களிடம், "பால் கட்டிக்கிச்சு, வலி தாங்கலை, வந்துட்டேன்," என்றாளாம். அந்தப் பிள்ளைதான் லெக்பா. கணவன் சீக்கிரமே போய்விட்டான். மக்காச்சோளமும் மிளகாயும் போட்டு, சாராயம் காய்ச்சி, அவனை ஆளாக்கினாள். அவனும் ஆள்தான். தோள் அகலம், சிரிப்பு அதைவிட அகலம். அவன் நடந்து வந்தால் கிழவிகள்கூட மேலாடையைச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த லெக்பாதான் அப்போது எங்கள் கோட்டையில் விலங்கு போட்டுக் கிடந்தான்.

அவனும் கியெம்போ என்கிற அதே ஊர்க்காரனும் அரிசி ஏற்றிக்கொண்டு வடக்குக் கணவாய்க்கு அப்பால் உப்பு வாங்கப் போனார்கள். திரும்பி வந்தது லெக்பா மட்டும். உறைந்த ஏரியின்மேல் நடக்கும்போது பனி உடைந்து கியெம்போ உள்ளே போய்விட்டான் என்றான். கியெம்போவின் கழுத்தில் பரம்பரையாக வந்த, கண் போட்ட கல்மணி ஒன்று இருந்தது, விற்றால் பெரிய விலை போகும். அடுத்த பனிக்காலத்துக்குள் லெக்பாவின் வாசலில் இரண்டு கோவேறு கழுதைகள் நின்றன. கியெம்போவின் மனைவி ரிஞ்சின்மோ வருஷச் சடங்கெல்லாம் முடித்த கையோடு கோட்டைக்கு வந்து, "என் புருஷனைக் கொன்னுட்டான்," என்று விழுந்தாள்.

அதுவரை எல்லா வழக்கும் கோட்டைத் தலைவரிடம்தான் போகும். வரி வாங்குகிறவரும் அவர், கசையடி கொடுக்கிறவரும் அவர், தீர்ப்புச் சொல்கிறவரும் அவர். மன்னர் புதுச் சட்டம் கொண்டுவந்த பிறகு, தீர்ப்புக்கென்றே தனியாக ஒரு நீதிபதியை அனுப்பினார்கள், தாஷோ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். கோட்டையில் தானியம் கொட்டி வைத்திருந்த அறையைக் கூட்டிப் பெருக்கி அவருக்குக் கொடுத்தோம். வந்த அன்றே, முட்டையும் சாராயமும் யாரிடமும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் தங்கள் வழக்கு தோற்றுவிட்டதாக நினைத்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இன்னொன்றும் சொன்னார். இனிமேல் யாரையும் அடித்து ஒப்புக்கொள்ள வைக்கக் கூடாது, கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும், இரண்டு தரப்பும் யாரைச் சாட்சியாகச் சொன்னாலும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று.

ரிஞ்சின்மோ சாட்சியாகச் சொன்னது பெல்சோமை.

எங்களுக்கெல்லாம் சிரிப்பு. குற்றவாளியின் அம்மாவையே யாராவது சாட்சிக்குக் கூப்பிடுவார்களா? ரிஞ்சின்மோ லேசுப்பட்டவள் இல்லை. பெல்சோம் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியிருக்கிறாள்.

"பௌர்ணமிக்குப் போறேல்ல? அங்க என் புருஷன் இருந்தான்னா, கிளம்பின அன்னிக்கு என்கிட்ட கடைசியா என்ன சொன்னான்னு கேட்டுட்டு வா. அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். கேட்டுட்டு வந்து கோர்ட்டுல சொல்லு. அப்ப நீ தெலோக்குன்னு ஒத்துக்கறேன்!"

பெல்சோம் என்ன செய்வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போனேன், தேடினேன், கியெம்போ அங்கே இல்லை, உயிரோடுதான் எங்கேயோ இருக்கிறான் என்பாள். பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும்?

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினேன். ஓடைக்கரையில் முகம் கழுவும்போது, "தம்பி, கோர்ட்டுல அழுது கேட்டா மனசு எரங்குவாங்களா?" என்று கேட்டாள்.

"புது தாஷோ அழுகைக்கெல்லாம் மசிய மாட்டார்க்கா."

"அப்ப எப்படித்தான் கேக்கறது?" என்றாள். நாடகத்துக்குத் தயாராகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தானிய அறை நிரம்பி வழிந்தது. லெக்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தான். தாஷோ அவளைக் காவல் தெய்வத்தின்மேல் சத்தியம் செய்யச் சொன்னார்.

"அங்கயே பண்ணிட்டேன் தாஷோ," என்றாள்.

"எங்க?"

"அந்த சபையில. இங்க வேற தனியா பண்ணணுமா?"

யாரோ சிரித்தார்கள். தாஷோ சிரிக்கவில்லை. பெல்சோம் ரிஞ்சின்மோ பக்கம் திரும்பினாள்.

"கிளம்பினவன் வேலியோரத்துலேருந்து திரும்பி வந்தான். அடுப்படியில நின்னு சட்டியோட மோர் குடிச்சான். மீசையைத் துடைச்சுக்கிட்டு, 'நான் திரும்பி வந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதே, சகுனம் சரியில்லைம்பாங்க'ன்னான். அதான் அவன் கடைசியா சொன்னது."

ரிஞ்சின்மோ நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவே போதும், யாரும் அவளிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கியெம்போ செத்துவிட்டான். அவனிடம் பேசிவிட்டு வந்தவள் எங்கள் நடுவில் நிற்கிறாள்.

"தண்ணி இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு தாஷோ, அவன் தலைமுடியிலேருந்து," என்றாள் பெல்சோம். "வரிசையில அவன் நிக்கிற எடத்துல மட்டும் தரை ஈரம். பனி உடையலையாம். பின்னாலேருந்து தள்ளினாங்களாம். தள்ளினது இவன்தானாம்."

விரலை நீட்டி மகனைக் காட்டினாள்.

லெக்பாவின் சிரிப்பு ஒரு பக்கமாக நின்றுவிட்டது. "அம்மா," என்றான். "என்னம்மா சொல்றே? பைத்தியமா உனக்கு?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. தாஷோவின் மேஜைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"இவனை உள்ள போடுங்க தாஷோ. எத்தனை வருஷம் வேணா போடுங்க. தண்டனையை இங்க வாங்கினா அங்க கழிஞ்சிடும். அங்க என்ன பண்றாங்கன்னு நீங்க பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். சாவே கெடையாது அங்க, வெட்டினா மறுபடி கூடிக்கும், மறுபடி வெட்டுவாங்க. அதுகூடப் பரவால்ல. தர்மராஜா நேத்து என்னைக் கூப்பிட்டாரு. 'நீதான் வந்து போயிட்டு இருக்கியே, இவன் கேஸுக்கு நீயே சாட்சி'ன்னுட்டாரு. நான் பெத்த புள்ளைக்கு எதிரா நானே அங்க நின்னு சொல்லணும் தாஷோ! நீங்க இங்க முடிச்சுட்டா அந்த சாட்சி தேவையில்ல. உங்க கால்ல விழறேன், முடிச்சுடுங்க."

இதைத்தான் ஓடைக்கரையில் கேட்டிருக்கிறாள். நான் என்னவோ நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

தாஷோ எழுந்து போய்விட்டார். மறுநாள் மதியம்தான் அறைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. லெக்பாவின் விலங்கை அவிழ்க்கச் சொன்னார்.

"அம்மா," என்றார் பெல்சோமிடம். "நீங்க சொன்னதை நான் நம்பறேனா இல்லையான்னு கேக்காதீங்க. அதைப் பத்தி யோசிச்சா எனக்குச் சோறு எறங்கலை. ஆனா செத்தவன் சொன்னான்னு இன்னிக்கு உங்க புள்ளையை உள்ள போட்டா, நாளைக்கு இன்னொருத்தி வந்து, செத்தவன் சொன்னான்னு ஒண்ணும் அறியாதவன் ஒருத்தனைக் காட்டுவா. நான் அவனையும் போடணும். உசுரோட இருக்கிற யாராவது பாத்திருந்தா சொல்லட்டும். இல்ல இவனே ஒத்துக்கட்டும். அப்ப இந்த வழக்கை மறுபடி எடுப்பேன். அதுவரைக்கும் இவன் வீட்டுக்குப் போகலாம்."

நியாயம்தான். இத்தனை வருஷம் கோர்ட்டில் இருந்துவிட்டேன், அதைவிட நியாயமான பேச்சை நான் கேட்டதில்லை. ஆனாலும் அந்த நியாயத்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தாய் தரையில் கிடந்து கதறுகிறாள், அவள் மகனுக்கு விடுதலை கொடுக்கிறார்கள். எங்கேயாவது உண்டா?

பெல்சோம் எழுந்தாள். மகனுடைய மணிக்கட்டில் விலங்கு உரசிச் சிவந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "வீட்டுல வெண்ணெய் இருக்கு, போட்டுக்கலாம் வா," என்றாள். இரண்டு பேரும் ஒன்றாகவே பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லெக்பா கல்யாணம் செய்துகொண்டான். கழுதைகள் இரண்டு ஐந்தாயின. சாராயக் கடையில் உட்கார்ந்தால், "எல்லா அம்மாவும் புள்ளையை ஜெயிலிலேருந்து எடுப்பாங்க. எங்கம்மா ஒருத்திதான்யா உள்ள தள்ளப் பாத்தா," என்று சொல்லிச் சிரிக்க வைப்பான். அம்மா அவனுக்கு மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பாள். அவன் தின்பான். எதிரே உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி செத்துக்கொண்டுதான் இருந்தாள். முன்பு மாதிரி யாருக்கும் சேதி கொண்டு வருவதில்லை. ஊர்க்காரர்கள் முட்டையோடு வந்து காத்திருந்து ஏமாந்து போவார்கள். எழுந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, மகன் இருக்கும் திசையைப் பார்த்து, "சாட்சிக்கு இன்னும் கூப்பிடலை. நேரம் இருக்கு. போய் ஒத்துக்கோடா," என்பாள். மருமகள் இதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதும் லெக்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

கோர்ட்டுக்கு ரோட்டோரத்தில் தனிக் கட்டடம் கட்டினார்கள். அந்த தாஷோ மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தார். ஒரு மார்கழிக் குளிரில் அந்த மேட்டு ஊரிலிருந்து புகார் வந்தது. பெல்சோம் செத்துப் பல நாளாகிறது, பௌர்ணமி வந்து போய்விட்டது, எழவில்லை, நாற்றம் அடிக்கிறது, லெக்பா எரிக்க விட மாட்டேன் என்கிறான், திரும்பி வருவாள் என்று காத்திருக்கிறான் போலிருக்கிறது, கோர்ட்டு உத்தரவு போட வேண்டும் என்று. மறுபடியும் முத்திரையோடு என்னைத்தான் அனுப்பினார்கள்.

நடுப்பகலில் போய்ச் சேர்ந்தேன். தறிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கையால் கதவைக் காட்டினாள். உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. லெக்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அந்த அகலமான தோள் எங்கே போயிற்றோ, எலும்பும் தோலுமாக இருந்தான். கையில் கம்பளித் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

செத்தவர்களுக்குத் தாடையில் கட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. இவன் கட்டியிருந்த கட்டு அப்படி இல்லை. தலையிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து பிடரிக்கு, வாயின் குறுக்கே என்று சுற்றிச் சுற்றி, முகத்தில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"லெக்பா, போனவங்க போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்கப்பா. எரிச்சிடலாம்," என்றேன்.

"வர மாட்டான்னு எனக்குத் தெரியும் அண்ணே. சொல்லிட்டுத்தான் போனா. இந்தத் தடவை என்னை அங்க உக்கார வெச்சுடுவாங்க, திரும்ப மாட்டேன், போய் ஒத்துக்கோன்னா. நான் சிரிச்சேன்."

"அப்புறம் எதுக்கு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

"எரிச்சிட்டா வாயை எப்படிக் கட்டறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவன் பிணத்தின் முகத்தைக் காட்டினான்.

"தினம் கட்டறேன் அண்ணே. இறுக்கித்தான் கட்டறேன். காலைல பாத்தா அவுந்து கிடக்கு. வாய் கொஞ்சம் தெறந்திருக்கு. நேத்தைவிட இன்னிக்கு இன்னும் கொஞ்சம். அங்க அவளைக் கூப்பிட்டாச்சு. பேசப் போறா."

"பைத்தியக்காரா, குளிர்ல உடம்பு வெறைக்கும், தளரும். அதான்," என்று சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். கட்டு கண்ணெதிரே நெகிழ்ந்துகொண்டிருந்தது. அவன் கை அதன்மேல் இல்லை, என் கையும் இல்லை. ஒரு சுற்று நழுவிக் காதோரம் விழுந்தது. அடுத்த சுற்றும் விழுந்தது. உள்ளேயிருந்து தாடை மெல்லக் கீழே இறங்கியது. காரணம் ஆயிரம் சொல்லலாம், எனக்கும் தெரியும். நான் அந்த அறையில் நின்றேன், சொல்கிறவர்கள் நிற்கவில்லை.

லெக்பா என் காலைக் கட்டிக்கொண்டான்.

"நான்தான் தள்ளினேன்! மணிக்காகத்தான் தள்ளினேன், எழுதிக்கோங்க அண்ணே. பனிக்கு அடியிலேருந்து ரெண்டு தடவை தட்டினான், கேட்டுக்கிட்டே நின்னேன். என்னைக் கட்டிக் கூட்டிட்டுப் போங்க, அவ அங்க வாயைத் தெறக்கறதுக்குள்ள!"

தறிக்காரியையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் மறுபடி சொல்ல வைத்தேன். உயிரோடு இருக்கிறவன், தன் வாயால். சட்டம் கேட்டது அதைத்தான். அவன் அம்மாவும் அத்தனை வருஷம் அதைத்தான் கேட்டாள். எரிக்கிற வேலையை ஊர்க்காரர்களிடம் விட்டுவிட்டு, அவன் கையில் கயிற்றைப் போட்டுக் கிளம்பினேன்.

கைதியை இழுத்துக்கொண்டு எத்தனையோ தடவை மலையிறங்கியிருக்கிறேன். அன்று கைதி என்னை இழுத்துக்கொண்டு போனான். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. வழுக்குப் பாறையில் ஓடினான், விழுந்தான், எழுந்து ஓடினான். "சீக்கிரம் வாங்க அண்ணே, கோர்ட்டைச் சாத்திடுவாங்க," என்றான். எனக்கு முழங்கால் வலிக்கிறது என்றேன், அவன் காதில் விழவில்லை.

பாலத்துக்கு வந்தபோது, மேலே ஊர்ப் பக்கம் புகை எழும்பியது. சிதைக்குத் தீ வைத்துவிட்டார்கள். லெக்பா நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, இந்நேரம் அவ சொல்லியிருப்பாளா?"

அவனுக்காகவே ஒரு தடவை சாவிலிருந்து திரும்பி வந்தவள் அவள். கொஞ்சம் இழுத்துத்தான் பேசுவாள், தண்ணீர் கேட்பாள், முழங்கால் வலியைச் சொல்வாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த சபையின் வழக்கமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

"தெரியலைடா," என்றேன். "ஓடு."

இரண்டு பேரும் ஓடினோம்.